தேயாத பூட்டு

விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு கோடுதான் காலியாக இருந்தது. மகளின் பெயர், பிறந்த தேதி, விலாசம், தடுப்பூசி விவரம் எல்லாம் எழுதியாகிவிட்டது. "சேர விரும்பும் அரசு மேல்நிலைப் பள்ளி" என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. அந்த வட்டாரத்துக்கு இரண்டே பள்ளிகள். இரண்டில் ஒன்றை எழுதி, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒருமுறை எழுதினால் நாலு வருஷத்துக்கு மாற்ற முடியாது என்று அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது.

படிவம் பத்து நாளாகச் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. அம்மா தினமும் டப்பாவைத் தூக்குவாள், கோட்டைப் பார்ப்பாள், டப்பாவை வைத்துவிடுவாள்.

அவள் பூட்டு வேலைக்காரி. நகராட்சிக்குச் சொந்தமான எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு மக்கர் செய்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். புருஷன் ரொட்டி அடுமனையில் மாவு பிசைகிறவர். விடியுமுன் போய் மதியம் திரும்புவார். ஒரே மகள். பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்று அப்பா வைத்த செல்லப் பெயர் சுண்டு. பதினாலு வயதாகி, அம்மாவைவிட நாலு விரல் உயர்ந்த பிறகும் சுண்டுதான்.

சுண்டு நன்றாகப் படிக்கிற பெண். கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியிருக்கிறாள். அந்தத் தொண்ணூற்றொன்றின் சாயம் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளுத்தது.

அம்மா குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றிக்கொண்டிருந்தாள். துளை போடும் பிட்டுகளை எண்ணெய்த் தாளில் தனித்தனியாகச் சுற்றி, மேலே அங்குல அளவைப் பின்னமாக மட்டும் எழுதிவைப்பது அவள் வழக்கம். "எட்டுல மூணு பெருசா இருக்கு கண்ணு. அதுக்குக் கொஞ்சம் சின்னதா ஒண்ணு எடு" என்று கையை நீட்டினாள். சுண்டு எடுத்துக் கொடுத்தது பதினாறில் ஏழு. பிரித்துப் பார்த்தால் முன்னதைவிடத் தடிமன்.

"இது பெருசுடி."

"பதினாறுன்னா சின்னதுதானேம்மா?"

"மேல ஏழு இருக்கே?"

சுண்டு தலையை ஆட்டினாள். புரிந்துவிட்டது என்கிற மாதிரி, மெதுவாக, இரண்டு முறை. அம்மா அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூட்டுக்குள் சாவி போவதும் திரும்புவதும் ஒன்றல்ல என்று தெரிந்தவள் அவள்.

"நிஜமா புரிஞ்சுதா?"

இன்னொரு தலையாட்டல். பிறகு கண் கலங்கிவிட்டது.

"எப்பலேருந்து புரியல?"

"ஆறாவதுலேருந்து."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. தலையாட்டிட்டா டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போயிடுவாங்க."

"அப்ப தொண்ணூத்தொண்ணு?"

"எந்த மாதிரி கேப்பாங்கன்னு தெரியும்மா. அதே மாதிரி போட்டுடுவேன்."

அன்றைக்குத் தாழ்ப்பாள் கோணலாகத்தான் பொருந்தியது. இன்றைக்கும் அந்தக் கதவை இடித்துத்தான் சாத்த வேண்டும். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை. இந்தப் பெண் இன்னும் நாலு வருஷம் தலையாட்டியே ஓட்டிவிடுவாள், மார்க்கும் வந்துகொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. அந்தத் தலையாட்டலைப் பிடித்து நிறுத்துகிற பள்ளி எது?

நாத்தனாருக்கு இப்படிப்பட்ட குழப்பமே கிடையாது. புருஷனின் தங்கை அவள். காப்பீட்டு அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். ஞாயிறு சாயங்காலம் வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல், பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் இணையப் பக்கத்தைப் போனில் நீட்டினாள்.

"அண்ணி, இதுல யோசிக்க என்ன இருக்கு? மேட்டுத் தெரு ஸ்கூலுக்குப் பத்துக்கு ஒன்பது. ரயில் பாதை ஓரத்து ஸ்கூலுக்கு நாலு. என் பையன் அந்த ஒன்பது ஸ்கூல்லதான் படிக்கிறான், நல்லாத்தானே இருக்கான்?"

"நாலு பக்கத்துல இருக்கு" என்றார் அப்பா. "மெதுவா எழுந்து போலாம்."

"அண்ணா, உனக்குத் தூக்கத்தைத் தவிர வேற நெனப்பே இல்லையா?"

"மூணு மணிக்கு எழுந்திரிக்கிறவனுக்கு வேற என்ன நெனப்பு வரும்? அது சரி, போன வருஷம் இதே மாதிரி நம்பர் பாத்து ஒரு மிக்ஸி வாங்கினியே, ஒன்பதரைன்னு. அது எப்படி இருக்கு?"

நாத்தனார் போனைக் கைப்பைக்குள் போட்டாள். "சர்வீசுக்குப் போயிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள், சுண்டு உட்பட. ஆனாலும் அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பள்ளிகளுக்கும் பெயர் ஒன்பது, நாலு என்றே ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில், வேண்டிக்கொண்ட மாதிரி, ஒன்பதிலிருந்தே வேலை வந்தது. ஆசிரியர் அறைப் பூட்டு சிக்கிக்கொள்கிறதாம். அம்மா முதல் மணி அடிக்குமுன் போய்விட்டாள். வராந்தா கண்ணாடி மாதிரி இருந்தது. சுவரில் கோப்பைகள், முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படங்கள். வேலை பத்தே நிமிஷம். ஸ்பிரிங் ஒன்று வளைந்திருந்தது. அலுவலகத்தில் கொடுத்த சாவிக்கொத்து கையில் இருக்க, போகிற வழியில் நூலகம் என்று பலகை போட்ட கதவைக் கண்டதும் அவளுக்குக் கை அரித்தது. சாவியைத் தேடிப் போட்டாள். முரடாகத் திரும்பியது. இப்படியும் அப்படியும் நாலு தடவை திருப்பினாள். டார்ச் அடித்துத் துவாரத்துக்குள் பார்த்தாள். பித்தளை புதுக்கருக்கு அழியாமல் மின்னியது. பூட்டின் முகப்பில் பொறித்திருந்த வருஷமோ ஏழு வருஷத்துக்கு முந்தியது.

ஏழு வருஷமாகச் சாவி படாத நூலகம். அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் நாலில் வேலை. அங்கேயும் பாருங்கள், நூலகக் கதவுதான். பூட்டு திறக்க மாட்டேன் என்கிறதாம். சுவரில் கோப்பையும் இல்லை, படமும் இல்லை. பெயின்ட் உரிந்து, ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. அம்மா பூட்டின் உள்ளுருளையான சிலிண்டரைக் கழற்றி உள்ளங்கையில் கொட்டினாள். சாவிப் பல் உரசும் பின்களெல்லாம் முனை மழுங்கி, அரிசி நொய் மாதிரி தேய்ந்திருந்தன. இந்தப் பூட்டை அவளே போன வருஷம் மாட்டியிருந்தாள். பதினோரு மாதத்தில் இப்படித் தேய வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது திறந்து மூடியிருக்க வேண்டும். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. புதுச் சிலிண்டர் கடையில்தான் இருந்தது. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, அதுவரை கதவுக்கு ஒரு தற்காலிகக் கொக்கி போட்டுவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், ஏறக்குறைய ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள்.

"நாலுதான்" என்றாள் வாசலிலேயே.

நாத்தனார் அன்றும் வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "பூட்டைப் பாத்தா ஸ்கூல்ல சேப்பாங்க? நாளைக்குக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கும்போதும் அவங்க வீட்டுத் தாழ்ப்பாளத்தான் பாப்பியா அண்ணி?"

"பாப்பேன். வெளித் தாழ்ப்பாள் எத்தனை, உள்தாழ்ப்பாள் எத்தனைன்னு எண்ணுவேன்."

"நீ எண்ணு. ஊரே ஒன்பதுங்குது."

"ஊரு வெளியில நின்னு பாக்குது. நான் உள்ள பாத்தேன். மனுஷங்க பொய் சொல்வாங்க, பித்தளை சொல்லாது." அவளே பேனாவை எடுத்து, படிவத்தை உப்பு டப்பாவிலிருந்து விடுவித்து, பென்சிலாக இருந்தால் தேவலை என்று மாற்றிக்கொண்டு, கோட்டில் ரயில் பாதைப் பள்ளியின் பெயரை இலேசாக எழுதினாள். சுண்டு பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

புதன்கிழமை காலை புதுச் சிலிண்டரோடு அவள் நாலுக்குப் போனபோது, கொக்கியை நீக்கி நூலகக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே நின்றிருந்தாள். பள்ளியின் துப்புரவுப் பணியாளர், ஐம்பது வயதிருக்கும். இரண்டு கையிலும் வாளி.

"வாம்மா, வா. சீக்கிரம் மாட்டிக் கொடு. இந்தப் பூட்டோட மல்லுக்கட்டியே என் மணிக்கட்டு போச்சு."

அம்மா அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். தரை துடைக்கும் மாப்புகள், பினாயில் டப்பாக்கள், கால் உடைந்த நாற்காலிகள், காற்றுப்போன பந்துகள் ஒரு வலைக்குள். புத்தக அலமாரிகள் சுவரோரம் இருந்தன. அவற்றின் மேல் பழைய திரைச்சீலை போர்த்தியிருந்தது.

"அக்கா, இது லைப்ரரி இல்லையா?"

"பலகை அப்படித்தான் சொல்லுது. மாப்பு வைக்க வேற இடம் ஏது? ஒவ்வொரு பீரியடுக்கும் ஒருத்தன் டீயைக் கொட்டுவான், ஒருத்தன் வாந்தி எடுப்பான். நாள் பூரா திறக்கிறதும் மூடுறதும் நான்தான்."

அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, தலை சுத்துதா? தண்ணி தரட்டுமா?"

"இல்லக்கா. ஒன்பதுல... மேட்டுத் தெரு ஸ்கூல்ல லைப்ரரியைத் திறக்கிறதே இல்ல, இங்க ஓயாம திறக்கிறாங்கன்னு நெனச்சுட்டேன்."

"அங்க திறக்கிறதில்லையா? யாரு சொன்னா? நான் அங்க ஆறு வருஷம் வேலை பாத்தவ. அந்தக் கதவை நான் ஒரு நாள்கூடப் பூட்டினது கிடையாது. லைப்ரரி அம்மா விடவே மாட்டாங்க. வெளி கேட்டுதான் பூட்டியிருக்கே, உள்ள எதுக்கு இன்னொரு பூட்டும்பாங்க. சும்மா கைப்பிடியை அழுத்தினா திறந்துக்கும். பசங்க மத்தியானமெல்லாம் அங்கதான் கெடக்கும்."

கைப்பிடி. அம்மா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். திங்கட்கிழமை அந்தக் கதவில் சாவி போட்டு முதல் திருப்புத் திருப்பியபோது, தாழ் நாக்கு உள்ளே போகவில்லை, வெளியே வந்தது. பூட்டாமல் கிடந்த கதவைத்தான் அவள் பூட்டிப் பார்த்திருக்கிறாள். கைக்கு அது தெரிந்திருந்தது, மண்டைக்கு ஏறவில்லை. நாலு தடவை சாவியைத் திருப்பியவள் ஒரு தடவை கைப்பிடியை அழுத்திப் பார்க்கவில்லை. இருபது வருஷம் பூட்டைப் பார்த்துப் பார்த்து, கதவென்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கருவிப் பையைத் திறந்து வேலையில் இறங்கினாள். அவமானம் வந்தால் வேலை செய்வதுதான் அவளுக்குத் தெரிந்த வழி.

நூலகத்துக்கு அடுத்த அறை ஒன்பதாம் வகுப்பு. கதவு திறந்தே இருந்தது. கணக்கு பாடம். ஆசிரியரின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. சளி பிடித்த கரகரப்புக் குரல் மட்டும் வந்தது. பிள்ளைகள் சத்தம் அதிகம்தான். மேட்டுத் தெருப் பள்ளியில் இவ்வளவு சத்தம் இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

"சார், புரியல."

அம்மாவின் திருப்புளி நின்றது.

"எந்த வரியில நிக்கிறே?"

"மூணாவது வரி சார்."

"மூணாவதுல வேற யாரெல்லாம் நிக்கிறீங்க? கையைத் தூக்கு. ஆறு பேரு. சரி, ரெண்டாவது வரிக்கு வா, எல்லாரும் பின்னாடி நடங்க."

ரயில் ஒன்று போயிற்று. கண்ணாடி ஆடி ஓயும்வரை ஆசிரியர் பேசவில்லை. பிறகு தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் வேறொரு குரல்: "சார், எனக்கு அப்பவே புரிஞ்சுது, இப்ப நீங்க விளக்கினதுல புரியாம போச்சு." வகுப்பே சிரித்தது, கரகரப்புக் குரலும் சேர்ந்து சிரித்தது. "அப்ப நீ வந்து விளக்கு. நான் உக்காருறேன். எனக்கும் தொண்டை போச்சு."

சிலிண்டர் மாட்டுகிற வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. அன்றைக்கு ஒரு பீரியட் முழுக்க ஆயிற்று. அந்த நேரத்துக்குள் "புரியல" என்ற சொல்லை அவள் பதினோரு தடவை கேட்டாள்.

சாயங்காலம் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கைப்பிடி விஷயத்தையும் மறைக்கவில்லை. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பித்தளை பொய் சொல்லாதுன்னியே அண்ணி!"

"பித்தளை பொய் சொல்லலடி. நான்தான் தப்பாக் கேட்டேன்."

"இப்பவும் தப்பாத்தான் கேக்கிறே. ஒரு பீரியட்ல பதினோரு தடவை புரியலன்னா, அந்த வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியலன்னு அர்த்தம். அதான் நாலு."

அம்மா வெங்காயத்தை ஒதுக்கிவைத்தாள். சொன்னது நியாயம்தானே? பூட்டு தேயாததற்கு இரண்டு காரணம் இருந்த மாதிரி, புரியல என்பதற்கும் இரண்டு காரணம் இருக்கலாமே. திரும்பவும் எண்ணிவிட்டு வந்திருக்கிறோமே என்று அவளுக்கு உறைத்தது.

அதுவரை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அப்பா பேசினார். "ஏம்மா, பூட்டைப் பாத்தே, கதவுக்கு வெளிய நின்னு கேட்டே. போகப்போறது யாரு? அவளை ஒரு தடவை உள்ள விட்டுப் பாக்கக் கூடாதா?"

சுண்டு தட்டிலிருந்து நிமிர்ந்தாள். யாரும் இதுவரை அவளைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் மூன்று பெரியவர்களுக்கும் தெரிந்தது.

சேருமுன் பிள்ளைகள் ஒரு பாதி நாள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று படிவத்தின் பின்பக்கத்திலேயே போட்டிருந்தது. பத்து நாளாக உப்பு டப்பாவைத் தூக்கியவர்கள் யாரும் தாளைத் திருப்பவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஒன்பது பள்ளி, மதியத்துக்கு மேல் நாலு பள்ளி என்று முடிவாயிற்று. ஒன்பது பள்ளிக்கு அத்தை மகனே அம்மாவையும் மகளையும் கூட்டிப்போனான். துணைத் தலைமையாசிரியை வாசலுக்கே வந்தார், நல்ல மனுஷி. அம்மா தயங்கித் தயங்கித் தன் கேள்வியைக் கேட்டாள்.

"புரியலன்னா என் பொண்ணு சொல்ல மாட்டா, தலையாட்டிடுவா. அதை இங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க மேடம்?"

"ரெண்டு வாரத்துக்கு ஒரு டெஸ்ட் வைக்கிறோம்மா. மார்க் எறங்கின உடனே வீட்டுக்குப் போன் வந்துடும்."

"மார்க் எறங்காது மேடம். அதான் பிரச்சனை."

"அப்படி ஒரு குழந்தைய நாங்க தவற விட்டிருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டார். அம்மாவுக்கு அவர்மேல் மரியாதைதான் கூடிற்று.

நாலில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் அகப்படவில்லை. தலைமையாசிரியை கூரை ஒழுகுகிற அறையில் யாரோடோ தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். சுண்டுவை ஒன்பதாம் வகுப்பில் விட்டுவிட்டு அம்மா வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாத்தனார் மகனையும் அழைத்து வந்திருந்தாள், சாட்சிக்காக.

"ஒன்பது எப்படி இருந்துச்சு கண்ணு?" என்றாள் அம்மா.

"நல்லா இருந்துச்சு."

"என்ன நடத்தினாங்க?"

சுண்டு கையைக் கட்டிக்கொண்டு, அன்றைய பாடத்தின் வரையறையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். அத்தை மகன் வாயைப் பிளந்தான். "எனக்கே இவ்வளவு ஞாபகம் இல்ல!"

"பாத்தியா அண்ணி? ஒரே நாள்ல!"

"புரிஞ்சுதா?" என்றாள் அம்மா.

சுண்டு தலையை ஆட்டினாள். மெதுவாக, இரண்டு முறை.

அம்மா தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். "நாலு?"

சுண்டுவின் முகம் சுருங்கியது. "அங்க ஒரே சத்தம். ஃபேன் ஓடல. பக்கத்துல இருந்த பொண்ணு என் பேனாவை எடுத்துட்டுத் தரவே இல்ல."

நாத்தனார் அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். சுண்டு ரொட்டியைப் பிய்த்தாள், தின்னவில்லை. பிறகு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரிக் கோபமாக, "அம்மா, அரையைக் காலால வகுத்தா எப்படி ரெண்டு வரும்?" என்றாள்.

"என்னது?"

"வகுத்தா சின்னதாத்தானே ஆகணும்? அரையே சின்னது. அதை வகுத்தா ரெண்டுன்னு பெருசா வருது. நான் அப்படித்தான் போடுவேன், தலைகீழாக்கிப் பெருக்குவேன், சரியா வரும். ஆனா ஏன்? அந்த சார் கேட்டாரு. யாருக்கும் தெரியல. மணி அடிச்சிடுச்சு. நாளைக்குப் பாக்கலாம்னு போயிட்டாரு. எனக்கு நாளைக்கு அங்க கிளாஸ் இல்லையே!"

அத்தை மகன் போனை எடுத்தான். அவன் அம்மா அவன் கையில் ஒன்று போட்டாள். அப்பா அன்று சுட்ட ரொட்டியைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியை நடுவில் வைத்தார்.

"இது அரை. முழு ரொட்டில கால் எவ்வளவுன்னு தெரியும்ல? அந்த அளவுத் துண்டு இதுல எத்தனை இருக்கு?"

"ரெண்டு" என்றாள் சுண்டு. அரை ரொட்டியைக் கையில் எடுத்தாள். "ஆனா அது ரெண்டு ரொட்டி இல்லையே. ரெண்டு துண்டு. ரெண்டும் ஒண்ணாப்பா?"

அப்பா கத்தியைத் தங்கையிடம் நீட்டினார். "அது... தங்கச்சி, நீ சொல்லேன். நீதான் கணக்கு வேலை பாக்குறவ."

நாத்தனார் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் பன்னெண்டு வருஷம் படிச்சிருக்கேன். இத்தனை நாளா தலைகீழாக்கிப் பெருக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு ரோஷம் வந்து, "அந்தப் பாதியையும் கொண்டா" என்று கையை நீட்டினாள்.

அரை மணி நேரம் மேசை முழுக்கத் துண்டுகளும் துகள்களுமாகக் கிடந்தன. சுண்டு விடவில்லை. "அது எனக்கு இன்னும் புரியல அத்தை", "இருங்க, அந்த இடத்துல புரியல" என்று மூன்று பேரையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்லச் சொல்ல, அம்மா இந்த முறை எண்ணவில்லை. ரொட்டித் துகளுக்கு நடுவிலிருந்து படிவத்தை இழுத்து, பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவால் எழுதினாள்.

"அவளைக் கேக்காமலா?" என்றாள் நாத்தனார். குரலில் கேலி இல்லை.

"கேளு நீயே."

"சொல்லு சுண்டு. எங்க போறே?"

சுண்டு விரலில் ஒட்டிய துகளைத் துடைத்தாள். "அந்த சார் நாளைக்கு என்ன சொல்வாருன்னு தெரியணும். ஆனா லைப்ரரி ஒன்பதுலதான் நல்லா இருக்கு அத்தை. தரையில படுத்துக்கிட்டே படிக்கலாம். நாலுல மாப்பு வாடை அடிக்குது. அதையும் சொல்லணும்ல."

"நல்லாச் சொன்னே" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் படிவத்தைக் கொடுத்து ரசீது வாங்கியதும், அம்மா நாலுக்குப் போய்த் தலைமையாசிரியையின் அறை வாசலில் நின்றாள். வராந்தாக் கோடியில் மாடிப்படிக்கு அடியில் ஒரு இடம் சும்மா கிடக்கிறது, அதற்கு ஒரு கதவு போட்டால் மாப்பும் வாளியும் அங்கே இருக்குமே என்றாள். உடைந்த நாற்காலிகளின் பலகைகளே கதவுக்குப் போதும் என்றாள். தலைமையாசிரியை பேசிக்கொண்டிருந்த தொலைபேசியைக் கீழே வைக்காமலே, "செய்யுங்கம்மா, முதல்ல செய்யுங்க" என்று கையை ஆட்டினார்.

சனிக்கிழமை அப்பா பலகை பிடிக்க, சுண்டு பிட்டுகளை எடுத்துக் கொடுக்க, படிக்கட்டுக்கு அடியில் கதவு ஏறிற்று. புதன்கிழமை நூலகத்தில் மாட்டிய புதுச் சிலிண்டரைக் கழற்றி அம்மா அங்கே மாட்டினாள். நூலகக் கதவில் கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டு, பூட்டு இருந்த ஓட்டைக்கு ஒரு வட்டத் தகட்டை வைத்துத் திருகினாள்.

வாளியோடு நின்ற துப்புரவுப் பெண் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "பூட்டுக்காரியே பூட்டைக் கழட்டிட்டுப் போறாளே! நான் எங்கேயும் பாத்ததில்ல" என்றாள். "நீ என்னத்தையோ செய். எனக்கு வாளி கைக்கெட்டினாப் போதும். புஸ்தகத்தோட எனக்கென்ன சண்டை?"

அம்மா கருவிகளைப் பையில் போட்டுக் கட்டினாள். நூலகத்துக்குள்ளே சுண்டு திரைச்சீலையை உதறிக்கொண்டிருந்தாள்; தும்மல் சத்தம் கேட்டது. கதவு காற்றுக்குத் தானாகச் சாத்திக்கொண்டது. அம்மாவின் கை பழக்கதோஷத்தில் இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போயிற்று. போன கை பாதியில் நின்று, திரும்பி வந்து, கைப்பிடியை அழுத்தியது.

கதவு திறந்தது.